காணாத காந்தமும் ஏழு சின்னக் கோடுகளும்

அணுக்கருவுக்குள் இருக்கும் காந்தம் அடுத்த மில்லிசெக்கனில் எந்தப் பக்கம் திரும்பும் என்று கணக்குப் பார்ப்பது என் தொழில்; அந்தக் காந்தத்தை உலகத்தில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை, அதை அளக்கும் மெஷினை நான் கடைசியாகக் கண்டு பதினொரு வருசமாகிறது.

உங்களுக்கும் இப்படி ஒரு தொழில் இருக்கலாம். கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் "என்ன செய்யிறீங்கள்?" என்று கேட்டதும், வாய் நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுகிற ஆட்கள் நாங்கள். வங்கியில் வேலை செய்பவர் ஒரு சொல்லில் கதையை முடித்துவிடுவார். தாதிக்கும் ஒரு சொல் போதும். எனக்கு அது வாய்க்கவில்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகப் பீடத்தில் பௌதிகம் படிப்பிக்கிறேன் என்று சொல்லித் தப்பிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் அது பாதிதான்.

மிச்சப் பாதி இது. ஒரு பொருளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, வானொலி அலையால் ஒரு தட்டுத் தட்டினால், அதற்குள் இருக்கும் ஐதரசன் கருக்கள், அதாவது புரோத்தன்கள், பம்பரம்போலத் தலையாட்டிச் சுற்றும். அந்தச் சுற்றலை மெஷின் கேட்டு, கோடு கோடாக ஒரு தாளில் வரைந்து தரும். கோடுகளைப் பார்த்து இது இன்ன பொருள் என்று சொல்வார்கள் இரசாயனக்காரர். அந்தக் கோடு ஏன் அந்த இடத்தில் விழுந்தது என்று சொல்வது என்னைப் போன்றவர்களின் வேலை. இதற்கு மெஷின் தேவையில்லை; ஒரு மடிக்கணினியும், மின்சாரமும், பொறுமையான ஒரு புருசனும் போதும். மூன்றும் ஒரே நேரத்தில் அமைவதுதான் கஷ்டம்.

முழங்கால் படம்

முரசுமோட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார் கனகரத்தினம் அண்ணை. அவருக்கு முழங்கால் வருத்தம். யாழ்ப்பாணத்துக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வந்தார். அந்த மெஷினுக்குள்ளும் காந்தம்தான், அதே ஐதரசன் கருக்கள்தான் என்று என் மனுசன் எப்போதோ வயல் வரம்பில் நின்று அளந்திருக்கிறார். அவ்வளவுதான், ஒரு சனிக்கிழமை காலையில் நீளமான கடித உறையோடு அண்ணை எங்கள் வாசலில் நின்றார்.

படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். முழங்கால் தெரிந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதை அப்படியே சொன்னால் பாவம், இவ்வளவு தூரம் நொண்டி வந்த மனிதர். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: உங்கள் முழங்காலில் இருக்கிற தண்ணீரில் கோடிக்கணக்கான சின்னக் காந்தங்கள், தட்டினதும் எல்லாம் சேர்ந்து சுற்றும், பிறகு மெல்ல மெல்ல அமர்ந்து பழைய நிலைக்கு வரும், தசையில் ஒரு வேகம், கொழுப்பில் ஒரு வேகம். வகுப்பில் ஒரு பிள்ளைகூட அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கடைசியில் படத்தை உறைக்குள் கவனமாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப பிள்ளை, என்ர காலுக்குள்ள எல்லாம் ஒழுங்காத்தான் சுத்தினதோ?"

கடிதம்

தவமலர் எங்கள் பீடத்தில் இரசாயனம் படிப்பிப்பவள். என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுடைய தாத்தா காலத்தில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். இப்போது மாங்குளத்துக்கு உள்ளே கச்சானும் உழுந்தும் போடுகிறார்கள். அவள் கை பட்ட கண்ணாடிக் குடுவையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தின் மேல்தான் பழி வந்தது.

அப்பாவின் காணி வேலியோரத்தில் நிற்கும் வீரை மரத்தின் பட்டையைக் கொண்டுவந்து, ஊறவைத்து, வடித்து, பிரித்து, திரும்பவும் வடித்து, இரண்டு வருசத்தில் ஒரு உழுந்தளவு வெள்ளைத் தூள் எடுத்திருந்தாள். இதுவரை ஒருவரும் எழுதிவைக்காத பொருள். கொழும்புக்கு அனுப்பிக் கோடுகளும் எடுத்தாயிற்று. கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேடு முழுக்க அந்தத் தூளின் மேலே நிற்கிறது. பரீட்சகர் ஒருவர் எழுதியிருந்தார்: பெரிய கோடுகளுக்குப் பக்கத்தில் ஏழு சின்னக் கோடுகள் தெரிகின்றன, மாதிரியில் அழுக்கு இருக்கிறது, இல்லையென்றால் வாய்மொழிப் பரீட்சைக்கு முன் காட்டவேண்டும், முடியாவிட்டால் முதலிலிருந்து செய்யவேண்டும். பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. பட்டம் வராவிட்டால் அவளுடைய விரிவுரையாளர் பதவி நிரந்தரமாகாது. இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாம் முறை இல்லை.

கடிதத்தை வாசித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். கருக்கள் சுற்றும் வேகத்தில் தூரத் தூர இருந்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் சுற்றும். வேகத்தில் கிட்டக் கிட்ட இருக்கிற கருக்கள் ஒன்றோடொன்று விடாமல் கதைக்கும். அப்படிக் கதைத்தால் எதிர்பாராத சின்னக் கோடுகள் பிறக்கும். அழுக்கே இல்லாத பொருளிலும் பிறக்கும். அவளுடைய பொருளில் நான்கு கருக்கள் ஒரு வளையத்தில் தோளோடு தோள் நின்றன. "இது அழுக்காக இருக்கவேண்டும் என்றில்லை" என்றேன். அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, என்னை ஆறுதல்படுத்த வேண்டாம். அழுக்கெண்டா அழுக்கெண்டு சொல்லுங்கோ. ஆனா கணக்குப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ."

அழிக்க வேண்டாம்

இந்தத் தொழிலில் மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, ஒவ்வொரு கருவையும் ஒரு அம்புக்குறியாக வரைந்து அதைச் சுழற்றுவது. பார்க்க அழகு, மாணவருக்குப் பிடிக்கும். ஆனால் கருக்கள் ஒன்றோடொன்று கதைக்கத் தொடங்கியதும் அம்பு ஊமையாகிவிடும். இரண்டாம் வழி, அம்புக்குப் பதிலாகக் குறியீடுகளை எழுதி, பெருக்கல் வாய்பாடுபோலச் சில விதிகளை வைத்துக்கொண்டு, தட்டலுக்குத் தட்டல் அவை எப்படி மாறுகின்றன என்று வரி வரியாகக் கொண்டுபோவது. இதற்குப் பேனையும் பலகையும் போதும். எனக்குப் பிடித்த வழி இதுதான். கொம்பியூட்டரைத் தொடாமல் விடை வந்துவிட்டால் ஒரு நாள் முழுக்க எனக்குக் கர்வமாக இருக்கும்.

கருத்தரங்கு அறைப் பலகை நிறைய எழுதினேன். "அழிக்க வேண்டாம்" என்று மூலையில் சிவப்பு மையால் எழுதிவைத்தேன். ஆய்வுகூட உதவியாளர் ரத்தினம் அண்ணை அந்தச் சொல்லை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டார். பலகைக்குக் கிட்ட ஒருவரையும் விடவில்லை. யன்னலால் சாரல் அடித்த நாளில் பொலித்தீன் கொண்டுவந்து மூடினார். விவசாயப் பீடத்தார் கூட்டம் வைக்க வந்தபோது, "மிஸ்ஸின்ர கணக்குக் காயுது" என்று சொல்லி வேறு அறைக்கு அனுப்பிவிட்டார்.

பத்தாம் நாள் எனக்கு விளங்கியது. இரண்டாம் வழியின் விதிகள் எல்லாம், கருக்கள் அதிகம் கதைக்காது என்று வைத்துக்கொண்டு எழுதியவை. தவமலரின் நான்கும் வாய் ஓயாதவை. அங்கே அந்த விதிகள் செல்லாது. இதை முதல் நாளே பார்த்திருக்கவேண்டும். பலகையில் எழுதுகிற ஆசையில் பார்க்கவில்லை. டஸ்டரை எடுத்து இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை துடைத்தேன். ரத்தினம் அண்ணை கதவடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பத்து நாள் காவல் நிண்டனான் மிஸ். பிழையெண்டா ஒரு சொல்லு எனக்குச் சொல்லியிருக்கலாம்."

பதினாறுக்குப் பதினாறு

மூன்றாம் வழி, ஒன்றையும் விட்டுக்கொடுக்காமல் முழுதாகக் கணக்கிடுவது. எங்கள் பாடப்புத்தகங்கள் தாயம் என்று சொல்லும் எண் அட்டவணை ஒன்று கட்டவேண்டும். ஒரு கருவுக்கு இரண்டு நிலை. இரண்டு கருவுக்கு நான்கு. நான்கு கருவுக்குப் பதினாறு. ஆகவே பதினாறுக்குப் பதினாறு, இருநூற்றைம்பத்தாறு பெட்டி. ஒவ்வொரு பெட்டியும் மற்றதை எப்படி இழுக்கிறது என்று எழுதி, காலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, துண்டுக்குத் துண்டு முழு அட்டவணையையும் சுழற்றவேண்டும். இதை மனிதக் கை செய்யாது. நான் படித்த காலத்தில் எழுதிய புரோகிராம் ஒன்று இருந்தது. அதைத் தூசு தட்டி எடுத்தேன்.

வயலில் வெட்டு முடிந்த கிழமை அது. மனுசன் முற்றத்தில் நெல்லுக் காயப்போட்டுவிட்டு, ஆடு வராமல் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். ஒரு கருவை மேலதிகமாகச் சேர்த்தால் வேலை இரட்டிப்பதோடு நில்லாது, பெட்டிகள் நான்கு மடங்காகும் என்றேன். பத்துக் கரு என்றால் பத்து லட்சத்துக்கு மேல் பெட்டி. ஒவ்வொன்றும் மற்ற எல்லாரோடும் கதைக்கும். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு மாறுவார். மாறினதைக் கேட்டு முதலாமவர் திரும்பவும் மாறுவார். நான் விளக்கி முடிப்பதற்குள் அவர் எழும்பிப் போய் நெல்லைக் காலால் கிளறிக்கொண்டு நின்றார். அவர் எட்டுச் சகோதரங்களோடு பிறந்தவர்.

"நாலு பேர் கதைக்கிறதுக்கே இந்தப் பாடெண்டா, நீர் எங்கட வீட்டில ஒரு பொங்கலுக்கு வந்து நிண்டு கணக்குப் பாத்திருக்கோணும்."

ஒத்துவரவில்லை

விடை வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அதை மறக்கத்தான் ஆசை. கணக்கில் வந்த கோடுகளை ஒரு தாளிலும் கொழும்பில் எடுத்த கோடுகளை இன்னொரு தாளிலும் ஒரே அளவில் அச்சடித்து, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரிய கோடுகள் கிட்டத்தட்டச் சரி. சின்னக் கோடுகளும் கணக்கில் வந்திருந்தன. ஆனால் ஒன்றுகூட அவளுடைய ஏழில் ஒன்றின் இடத்தில் விழவில்லை. வேறு எங்கேயோ விழுந்திருந்தன.

அப்படியென்றால் அவளுடைய ஏழும் என் கணக்குக்கு வெளியே. அழுக்கு. அவள் கேட்டபடியே சொன்னேன்: கணக்குப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. அவள் அழவில்லை. இரண்டு தாளையும் ஒருமுறை பார்த்தாள், "சரி அக்கா" என்றாள், தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளி விறாந்தைக்குப் போனாள். அவளுடைய அப்பாவுக்கு எடுத்தாள். இரண்டு வருசத்தை அவ்வளவு சாதாரணக் குரலில் ஒருவர் கைவிடுவதை நான் முன்பு கேட்டதில்லை.

"அப்பா, வீரைப் பட்டை இன்னும் கொஞ்சம் வேணும். இல்லை, நீங்கள் தந்தது பழுதில்லை. நான்தான் வடிவாக் கழுவேல்லையாம்."

2π

அன்று பின்னேரம் என் பழைய ஆய்வுகூடத்து நண்பர் ஒருவருக்கு எழுதினேன். இப்போது வேறு நாட்டில் இருக்கிறார். இதே தொழில், இதே நோய். எங்கள் ஆட்களுக்குப் பொதுவான வியாதி ஒன்று உண்டு: சுற்றும் வேகத்தை ஒரு இடத்தில் செக்கனுக்கு இத்தனை சுற்று என்று எழுதுவோம், இன்னொரு இடத்தில் செக்கனுக்கு இத்தனை கோணம் என்று எழுதுவோம். இரண்டுக்கும் இடையில் 2π என்ற எண் வரவேண்டும். அதை மறக்காதவர் இந்தத் தொழிலில் ஒருவருமில்லை. மறந்து கட்டுரை எழுதினவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், அதில் ஒருத்தி நான்.

காய்ச்சல் என்று போனால் டொக்டர் முதலில் வாயைத் திறக்கச் சொல்வதுபோல, எங்கள் ஆட்களிடம் எந்தப் பிழையைக் கொண்டுபோனாலும் முதல் கேள்வி அதுதான். நான் அதை நான்கு முறை பார்த்துவிட்டுத்தான் எழுதினேன், பார்த்தேன் என்றும் கடிதத்தின் முதல் வரியிலேயே சொன்னேன். மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது, ஒரே வரி.

"2π-ஐ ஐந்தாம் முறையும் பாரும்."

முதுகுப் பக்கம்

பார்த்தேன். 2π இருக்கவேண்டிய இடத்தில் பத்திரமாக இருந்தது.

மறுநாள் தவமலர் என் அறைக்கு வந்தாள். வேலையைத் திரும்பத் தொடங்க என்னென்ன கரைப்பான் வாங்கவேண்டும், எத்தனை குடுவை வேண்டும் என்று பட்டியல் எழுத. கடதாசியை வீணாக்கமாட்டாள் அவள். எந்தத் தாளாக இருந்தாலும் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அது அவளுக்கு எழுதுகிற தாள். என் மேசையிலிருந்து நான் அச்சடித்த கணக்குத் தாளை எடுத்தாள், கவிழ்த்தாள், யன்னலுக்குக் கிட்ட இருந்த கண்ணாடி மேசையில் வைத்தாள். அந்த மேசையில் அவளுடைய கொழும்புத் தாள் ஏற்கனவே கிடந்தது. கீழிருந்து காலை வெளிச்சம்.

"எதனோல், இரண்டு லீற்றர்" வரை எழுதியிருப்பாள். பேனை நின்றுவிட்டது. குனிந்து பார்த்தாள். தாளை ஒரு விரலால் சற்று நகர்த்தினாள். திரும்பவும் பார்த்தாள். நான் மடிக்கணினியில் கண் வைத்திருந்தேன். பேனைச் சத்தம் நின்றதால்தான் நிமிர்ந்தேன். போய்ப் பார்த்தேன். கவிழ்த்த தாளின் வழியே என் கோடுகள் மறுபக்கமாகத் தெரிந்தன. பெரிய கோட்டின் மேலே பெரிய கோடு. சின்னக் கோட்டின் மேலே சின்னக் கோடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் விரல் வைத்து எண்ணினாள்.

"அக்கா, உங்கட கணக்குச் சரி. முதுகுப் பக்கத்தால பாத்தா."

வலம்

முழுப் படமும் இடம் வலம் மாறி விழுந்திருக்கிறது என்றால், கருக்கள் எல்லாம் தலைகீழ்த் திசையில் சுற்றியிருக்கின்றன என்று அர்த்தம். அந்த நான்கு கருவின் பெரிய கோடுகள் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நின்றதால், மாறினது கண்ணுக்குத் தெரியவில்லை. சின்னக் கோடுகள்தான் காட்டிக்கொடுத்தன. ஏன் மாறியது? புரோகிராமை வரி வரியாகப் பிரித்தோம். எங்கள் கணக்கில் கூட்டல் பக்கம் என்றால் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றுவது. இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். என் புரோகிராமிலும் எல்லா இடமும் அப்படித்தான் இருந்தது, ஒரேயொரு இடத்தைத் தவிர. அந்த வரிக்குப் பக்கத்தில் என் சொந்தக் குறிப்பு, தமிழில்: "வலம் என்றால் கூட்டல்."

அந்த வரி எழுதினபோது எனக்கு இருபத்தாறு வயது. வீட்டை நினைத்துக்கொண்டு ஒரு குளிர் நாட்டில் இருந்தேன். சுற்றுதல் என்று நினைத்ததும் என் கால் தன்பாட்டில் போகிற திசை ஒன்றுதான்: பிள்ளையார் கோயில் வீதியில் வலம் வருகிற திசை. மேலேயிருந்து பார்த்தால் அது கடிகார முள்ளுப் போகிற திசை. நல்ல காரியம் என்றால் வலமாகத்தான் சுற்றவேண்டும் என்று மண்டைக்குள் இருந்தது. கூட்டல் நல்லதுதானே, அதையும் அப்படியே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்த வேலையெல்லாம், கரைக்காமல் தூளாகவே மெஷினுக்குள் வைக்கிற மாதிரிகள். அவற்றில் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். எந்தப் பக்கம் சுற்றினாலும் கேட்க ஆளில்லை. பிழை இவ்வளவு வருசமும் பக்தியோடு வலம் வந்துகொண்டிருந்தது.

ஒரு எழுத்தை மாற்றினேன். கூட்டல் குறியைக் கழித்தலாக்கினேன், அவ்வளவுதான். தவமலர் அந்தக் குறிப்பை இரண்டு முறை வாசித்தாள். இரண்டு வருச உழைப்பைக் குப்பையில் போடவைக்கப் பார்த்த ஒருத்தியை அவள் என்னவும் பேசியிருக்கலாம். சிரித்தாள். அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அதுதான் முதல்.

"நீங்கள் பிள்ளையாரைச் சுத்தினது சரி அக்கா. புரோத்தனுகளையும் ஏன் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

ஏழாவது கோடு

இப்போது புதிய கணக்கைப் புதிய தாளில், முகப்பக்கமாகவே வைத்துப் பார்த்தோம். ஆறு சின்னக் கோடுகள் அச்சொட்டாக விழுந்தன. ஏழாவது விழவில்லை. முதல்நாள் யன்னலடியில் இருந்த சந்தோசத்தில் ஆறுக்குப் பிறகு எண்ணாமல் விட்டிருந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், உங்களில் கணக்கோடு மாரடிப்பவர்களுக்கு இது விளங்கும். கருக்கள் எவ்வளவு பலமாகக் கதைக்கின்றன என்பது கணக்குக்கு வெளியிலிருந்து கொடுக்கும் ஒரு எண். அது ஒருநாளும் துல்லியமாகத் தெரியாது. கொஞ்சம் கூட்டலாம், குறைக்கலாம். நான் ஒன்றைச் சற்றுத் திருகிப் பார்த்தேன். ஒரு கோடு மெல்ல நகர்ந்து வந்து ஏழாவதின் மேல் ஏறி அமர்ந்தது. மற்ற ஆறும் மயிரிழை விலகின, அவ்வளவுதான். ஒருவருக்கும் தெரியாது. பரீட்சகர் எழுதியது ஏழு கோடு. ஏழுக்கும் பதில் இருந்தால் கதை முடிந்தது. ஒன்று மிஞ்சினாலும் "அழுக்கு, முதலிலிருந்து செய்" என்று அவர் சொல்லலாம். தவமலரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்படியும் வைக்கலாம்" என்று நான்தான் சொன்னேன். அவள் சொல்லவில்லை.

அவள் நேரே தன் ஆய்வுகூடத்துக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தாள், கையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் புனல். கடைசி மாதத்தில் கண்ணாடிப் புனல் உடைந்து, புதிது வரும்வரை இரண்டு நாள் இதால் வடித்தாளாம். பிளாஸ்டிக்கை மெதுவாக்கப் போடுகிற மருந்து ஒன்று கரைப்பானில் கரைந்து வரும். அதன் கோடு சரியாக அந்த இடத்தில்தான் விழும். தன் குறிப்புப் புத்தகத்தில் அந்த இரண்டு நாளையும் விரலால் காட்டினாள். புனலை என் மேசையில் வைத்தாள்.

"ஆறு உங்கட, ஒண்டு என்ர. பிரிச்சே சொல்லுவம் அக்கா."

பரீட்சை

வெறும் கரைப்பானை அந்த நீலப் புனலால் ஊற்றிக் கொழும்புக்கு அனுப்பினாள். பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது பதில் வந்தது: அதே இடத்தில் அதே கோடு. தன் பிழைக்குத் தானே சாட்சி தேடி எடுத்துக் கோவையில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த நான்கு நாளும் சோறு இறங்கவில்லை. மனுசன் ஏன் என்று கேட்டார், கணக்கு என்றேன், அவர் அதற்குமேல் கேட்பதில்லை.

பரீட்சகர் நரைத்த தலை, மெல்லிய குரல், நல்ல பேனை. பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தது. நான் கணக்குப் பார்த்தவள் என்பதால் பின் கதிரையில் இருக்க அனுமதி. தவமலர் ஆறு கோட்டையும் அம்பிலிருந்து தொடங்கி அட்டவணைவரை, நான் சொல்லிக்கொடுத்ததைவிடத் தெளிவாகச் சொன்னாள். முதலில் படம் மறுபக்கமாக வந்ததையும், ஏன் வந்தது என்பதையும் மறைக்கவில்லை. நான் கதிரைக்குள் இன்னும் கொஞ்சம் கீழே போனேன். அவர் பேனை நுனியை ஏழாவதில் வைத்து, "இது?" என்றார். "அது அழுக்குத்தான் சேர். பிளாஸ்டிக் புனல். என் பிழை" என்றாள், வெறும் கரைப்பானின் தாளை அவர் முன் நகர்த்தினாள். கலாநிதிப் பட்டமும் பதவியும் இரண்டு வருசமும் அந்த ஒரு தாளின் மேல் இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என்னென்ன தெய்வத்தைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

அவர் இரண்டு தாளையும் வெளிச்சத்துக்குப் பிடித்துச் சேர்த்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்தைப் போட்டு, மூடியைப் பேனையில் செருகிவிட்டுத்தான் தலை நிமிர்ந்தார். அப்போதுதான் தமிழுக்கு வந்தார்:

"ஏழையும் கணக்கால விழுத்திக்கொண்டு வந்திருந்தா, பிள்ளை, இண்டைக்கு உங்களைத் திருப்பி அனுப்பியிருப்பன்."

ஆக, காணாத காந்தத்தைக் காணாத மெஷினுக்குள் இத்தனை வருசம் சுற்றவிட்டு, பதினாறுக்குப் பதினாறு பெட்டி கட்டி, நான் இதுவரை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியிருப்பது, தவமலர் குடுவை கழுவினால் அது ஏழில் ஆறு பங்கு சுத்தம் என்பதைத்தான்.